ஹெர்குலிஸின் ஒரு சிலிண்டர்

ஸ்லீவ் என்பது சிலிண்டருக்குள் உட்சுவராக இறக்கும் குழாய். எங்கள் பட்டறையில் அது அசையக் கூடாத பொருள். தண்ணீர்ப் பம்பானாலும் லாண்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு இயந்திரமானாலும் தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து புதிய ஸ்லீவை இறுக்கி இறக்கிவிட்டால், அது அந்த இடத்திலேயே இருந்து தேய வேண்டும்; ஒரு நூலளவு திரும்பினாலோ மேலெழுந்தாலோ வேலை பிழைத்துவிட்டது என்று பொருள். முப்பது ஆண்டுகள் இதையே செய்து பழகிய எனக்கு, ஓடும் நேரமெல்லாம் ஏறியிறங்கித் திரும்பிக்கொண்டே இருக்கும் ஸ்லீவைக் கொண்ட ஹெர்குலிஸ் என்ற விமான இயந்திரம் ஒன்று இருந்தது என்பதும், அதில் காற்றையும் புகையையும் திறந்து மூட வால்வு என்று தனியே ஒன்றுமே கிடையாது, ஸ்லீவின் துளைகளே அந்த வேலையைச் செய்தன என்பதும் முதலில் நம்பக்கூடியனவாக இருக்கவில்லை. அந்த இயந்திரத்தின் ஒரு சிலிண்டரை மூன்றில் இரண்டு பங்கு அளவில், கையால் சுற்றிப் பார்க்கும் மாதிரியாகச் செய்து முடிக்க எனக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் சென்றன. செய்த விதத்தையும் பிழைத்த இடங்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடக்கம் சகோதரியின் மகளான என் மருமகளிடமிருந்து வந்தது. அவள் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறாள். பாடசாலைக் கண்காட்சியில் தங்கள் ஊரோடு தொடர்புடைய ஓர் இயந்திரத்தை விளக்க வேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். வவுனியா நகரத்தின் ஓரத்தில் இன்று விமானப்படைத் தளமாக இருக்கும் ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய றோயல் விமானப்படையின் தளமாக இருந்தது. 1942 ஏப்பிரல் 5ஆம் திகதி கொழும்பையும் 9ஆம் திகதி திருகோணமலையையும் யப்பானியக் கடற்படை விமானங்கள் தாக்கிய பின்னர், இலங்கையைச் சூழ்ந்த கடலைக் காவல் செய்வது அவர்களுக்குப் பெருங்கவலையாக இருந்தது. 217ஆம் படையணி 1943இல் பிரிஸ்டல் போஃபோர்ட் என்னும் டோர்பிடோ விமானங்களோடு வவுனியாவில் நிலைகொண்டு, 1944இல் அதே தொழிற்சாலையின் போஃபைற்றருக்கு மாறியது. இரவுச் சண்டைக்கான போஃபைற்றர்களை வைத்திருந்த 89ஆம் படையணியும் இங்கே இருந்தது. நாங்கள் நாளும் கடந்து போகும் வேலிக்கு அப்பால் அந்த இயந்திரங்கள் ஓடியிருக்கின்றன. ஆகவே, வேறு எதையும் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை.

மெல்பேர்ணில் இருக்கும் என் மைத்துனர், அங்கே மூரபின் விமான நிலையத்தின் அருகில் தொண்டர்கள் நடத்தும் ஒரு சிறிய விமான அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், நாங்கள் கேட்டுக்கொண்டபடி ஏ8-328 என்ற இலக்கமுடைய போஃபைற்றரை எல்லாப் பக்கத்தாலும் படமெடுத்து அனுப்பினார். அது ஆஸ்திரேலியாவிலேயே கட்டப்பட்ட வகை. அந்த நாட்டில் செய்த முதலாவது போஃபைற்றர் 1944 மே மாதத்தில் பறந்தது. உலகத்தில் 5,900க்கு மேல் கட்டப்பட்ட ஒரு விமானம் இன்று கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே மிஞ்சியிருக்கிறது என்பதால், அதைக் கழுவித் துடைத்து எண்ணெயிட்டுக் காப்பாற்றி வைத்திருக்கும் அந்தத் தொண்டர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. மைத்துனரின் படங்களில் ஒன்றை நான் பெரிதாக்கி அச்சடித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன். இயந்திரத்தை மூடியிருக்கும் தகட்டுக் கூட்டின் முன் விளிம்பாகத் தெரிகிற தடித்த வளையம் வெறும் விளிம்பு அல்ல. பதினான்கு சிலிண்டர்களின் புகையையும் சேர்த்தெடுக்கும் குழாயே அந்த வளையம். புகைத் துளைகள் முன்பக்கம் பார்த்திருக்கின்றன என்பதை நான் அந்தப் படத்திலிருந்துதான் அறிந்தேன்.

அந்த விமானத்தில் இருப்பது பிரிஸ்டல் ஹெர்குலிஸ். 1936 ஜனவரியில் முதன்முதலாக ஓடிய இது, இரண்டு வரிசைகளில் ஏழேழாகப் பதினான்கு சிலிண்டர்களை வட்டமாகக் கொண்டது. மொத்தக் கொள்ளளவு 38.7 லீற்றர். ஒரு சிலிண்டரின் உள்விட்டம் 146 மில்லிமீற்றர், பிஸ்டனின் வீச்சு 165 மில்லிமீற்றர். கணக்குப் பார்த்தால் ஒரு சிலிண்டர் மட்டும் 2.7 லீற்றருக்கு மேல் வருகிறது. எங்கள் வயல்களில் உழும் மாஸி பெர்குசன் 240இன் முழு இயந்திரமும் மூன்று சிலிண்டர்களோடு 2.5 லீற்றர்தான். மருமகள் இந்த ஒப்பீட்டைக் கண்காட்சிப் பலகையில் முதல் வரியாக எழுதினாள். அது சரியான முடிவு என்று நினைக்கிறேன், ஏனென்றால் பார்க்க வந்த விவசாயிகள் அந்த வரியில்தான் நின்றார்கள்.

அம்மாவுக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. வன்னியில் போர்க் காலத்தைக் கழித்த எவருக்கும் வானத்து இரைச்சல் என்றால் பங்கருக்குள் ஓடிய நினைவுதான் முதலில் வரும். அதைத் தாண்டி வேறு எதையும் நினைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. "பிளேன் செய்து பிள்ளையளுக்குக் காட்டப் போறியோ?" என்று அவர் கேட்டபோது, மருமகள், "பிளேன் இல்லை அம்மம்மா, எஞ்சினிலை ஒரு துண்டுதான்" என்றாள். அதன் பின் பலகையில் துப்பாக்கி, குண்டு, வீழ்த்திய எண்ணிக்கை ஆகிய எதையும் எழுதுவதில்லை என்று நாங்கள் இருவரும் தீர்மானித்துக்கொண்டோம். இயந்திரம் எப்படி மூச்சு விடுகிறது என்பதை மட்டும் காட்டுவோம் என்பதே எங்கள் எல்லை.

மாதிரிக்கு 110 மில்லிமீற்றர் பி.வி.சி குழாயைத் தெரிவு செய்தேன். கிணற்று வேலைக்கு வாங்கி மிஞ்சிய துண்டு கிடந்ததும் ஒரு காரணம். அதன் அளவு தற்செயலாகப் பொருந்தியது இன்னொரு காரணம். அதன் உள்விட்டம் வேர்ணியரில் 104.4 மில்லிமீற்றர் காட்டியது, சுவர்த் தடிப்பு 2.8. அதே குழாயின் இன்னொரு துண்டை நீளவாக்கில் பிளந்து, ஒரு கீலத்தை வெட்டியெடுத்துவிட்டு மீண்டும் சேர்த்து ஒட்டினால், முதல் துண்டினுள் வழுக்கிச் செல்லும் ஸ்லீவ் கிடைக்கும். ஸ்லீவின் வெளிவிட்டம் 103.6ஆக வர வேண்டுமானால் சுற்றளவில் ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் குறைய வேண்டும். அப்படிச் சேர்த்தால் உள்விட்டம் 98 வரும். 146இன் மூன்றில் இரண்டு பங்கு 97.3 என்பதால் முழு மாதிரிக்கும் அந்த விகிதத்தையே பிடித்தேன். பிஸ்டன் வீச்சு 110, பிஸ்டனை ஏற்றியிறக்கும் கிராங்கின் ஆரம் 55 என்று மற்ற அளவுகளும் அதிலிருந்து வந்தன.

முதலாவது ஸ்லீவ் ஒரே இரவில் பிளந்தது. குழாயைப் பிளந்து குளிர்ந்த நிலையிலேயே அழுத்தி, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பசை பூசிக் கம்பியால் கட்டி வைத்திருந்தேன். பசை காய்ந்துவிட்டது என்று நம்பி மாலையில் கம்பியைக் கழற்றினேன். நள்ளிரவில் பட்டறையிலிருந்து 'பட்' என்று ஒரு சத்தம் கேட்டது. பி.வி.சி தன் பழைய வட்டத்தை மறப்பதில்லை. அதை மறக்கச் செய்ய வேண்டுமானால் சூடாக்கி, புதிய வட்டத்திலேயே ஆறவிட வேண்டும். அம்மாவிடம் பொங்கல் கிடாரத்தைக் கேட்டுப் பார்த்தேன். பிளாஸ்ரிக் அவித்த பாத்திரத்தில் சாமிக்குப் பொங்க முடியாது என்று அவர் மறுத்தது நியாயம். பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாயில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். இடிந்த பழைய வீடொன்றின் பாலை மரக் கப்பிலிருந்து ஒரு துண்டை வாங்கி, லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் 98 மில்லிமீற்றருக்குக் கடைந்து அச்சுருளையாக வைத்துக்கொண்டேன். கொதிநீரில் ஐந்து நிமிடம் கிடந்த குழாய் தோலைப் போல இளகியது. சாக்குத் துணியால் பிடித்து உருளைமேல் போர்த்தி, சைக்கிள் ரியூப்பைக் கீலங்களாக வெட்டி மேலிருந்து கீழ்வரை நெருக்கமாகச் சுற்றி, ஆறும்வரை அப்படியே விட்டேன். இம்முறை விளிம்புகளை நேராக வெட்டாமல் சரிவாகச் சீவியிருந்தேன், பசை பிடிக்கும் பரப்பு அதனால் அகலமாகிறது. ஒட்டு இன்றுவரை விடவில்லை.

ஆனால் வட்டம் வட்டமாக இருக்கவில்லை. வேர்ணியரில் ஒரு பக்கம் 103.9, அதற்குக் குறுக்காக 103.2. சிலிண்டருக்குள் விட்டால் பாதித் தூரம் சென்று பிடித்துக்கொண்டது. ஒட்டின் மேடுதான் காரணம் என்று நினைத்து அதைச் சுரண்டினேன், பயனில்லை. பிறகு உருளையோடு சேர்த்தே லேத்தில் பூட்டி, மிக மெதுவாகச் சுற்றவிட்டு, மரத்துண்டில் சுற்றிய மண்ணரத்தாளால் உயர்ந்த இடங்களை மட்டும் தொட்டுத் தொட்டுக் குறைத்தேன். இரண்டு நாள் வேலை. பிரிஸ்டல் தொழிற்சாலையின் வரலாற்றைப் பின்னர் படித்தபோது, அவர்களும் இதே இடத்தில்தான் ஆண்டுக்கணக்கில் நின்றிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அங்கே இயந்திர வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய றோய் ஃபெடனின் குழு 1920களின் பிற்பகுதியில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கி, 1932இல் பெர்சியஸ் என்னும் முதல் ஸ்லீவ் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியது. அதன் பின்னும் எந்த ஸ்லீவை எந்தச் சிலிண்டரில் போட்டாலும் பொருந்தும் அளவுக்குத் துல்லியமான வட்டத்தைத் தொகையாகச் செய்யும் வழி பிடிபடப் பல ஆண்டுகள் சென்றன. நைத்திரசன் ஊட்டி மேற்பரப்பைக் கடினமாக்கிய உருக்கு ஸ்லீவ்களும் திருந்திய அரைப்பு முறையும் வந்த பிறகுதான், ஹெர்குலிஸ் 57,000க்கு மேல் உற்பத்தியாகும் நிலை ஏற்பட்டது. நேப்பியர் தொழிற்சாலையின் சேபர் இயந்திரமும் வட்டம் கெட்ட ஸ்லீவ்களால் பெரும் துன்பப்பட்டு, பிரிஸ்டலின் முறையால்தான் மீண்டது. மண்ணரத்தாளோடு நின்ற எனக்கு அந்தச் செய்தி ஆறுதலாக இருந்தது.

இந்த இடத்தில் கை ஒன்றைக் கற்றுக்கொண்டது. வட்டம் ஓரளவு சரியான பின், ஸ்லீவைச் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளினால் ஒவ்வொரு முறையும் மேல் முனையிலும் கீழ் முனையிலும் நின்று, மீண்டும் புறப்பட அடம்பிடித்தது. தள்ளும்போதே சிறிது திருகினால் இலகுவாகச் சென்றது. இறுகிய சில்லை அச்சிலிருந்து கழற்றும் எவரும் நேரே இழுப்பதில்லை, திருகித்தான் இழுப்பார்கள். நிற்கிற பொருளை நகர்த்துவது கடினம், நகர்கிற பொருளின் திசையை மாற்றுவது எளிது. ஹெர்குலிஸின் ஸ்லீவ் அப்படித்தான் வேலை செய்கிறது. ஏற்றமும் இறக்கமும் முடியும் இடத்தில் அது பக்கவாட்டில் திரும்பிக்கொண்டிருக்கிறது. பக்கத்திருப்பம் முடியும் இடத்தில் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கிறது. ஒரு கணமும் முழுமையாக நிற்பதில்லை. அதனால் எண்ணெய்ப் படலமும் ஓரிடத்தில் அறுந்துபோகாமல் எல்லாப் பக்கமும் பரவுகிறது. என் மாதிரிக்கு எண்ணெய் தேவைப்படவில்லை. மெழுகுதிரியைத் தேய்த்து அதன்மேல் பவுடர் தூவினேன், அது போதுமாக இருந்தது.

அந்த இரட்டை அசைவைக் கொடுப்பது ஒரு சிறிய கிராங்க். ஸ்லீவின் அடிவிளிம்பில் ஒரு ஊசித்தண்டு வெளிப்புறமாக நீட்டி நிற்கும். சிலிண்டருக்கு முன்னால் நிற்கும் தட்டு ஒன்று சுழன்று, அந்தத் தண்டை வட்டமாக இழுத்துச் செல்லும். தண்டு மேலே போகும்போது ஸ்லீவ் ஏறும், பக்கத்தில் போகும்போது ஸ்லீவ் திரும்பும். தட்டின் ஆரத்தை 16 மில்லிமீற்றர் என்று வைத்தேன். தட்டில் ஒரு துளையிட்டு 10 மில்லிமீற்றர்த் தண்டை அதனுள் விட்டுச் சுற்றினேன். கால் சுற்றிலேயே எல்லாம் இறுகி நின்றது. தண்டு ஸ்லீவோடு சேர்ந்து திரும்புவதால் அது தட்டுக்கு எப்போதும் செங்குத்தாக இருப்பதில்லை, பக்கங்களில் ஏறத்தாழ 14 பாகை சரிகிறது. அதோடு, ஸ்லீவின் மையத்திலிருந்து தட்டுக்குள்ள நேர்த்தூரம் 65 மில்லிமீற்றராக இருக்க, பக்கத்துக்குப் போகும்போது சரிவுத் தூரம் 67 ஆகிவிடுகிறது. ஆகவே அந்த இணைப்பு எல்லாத் திசையிலும் சாயவும் வேண்டும், தண்டு அதனூடாக 2 மில்லிமீற்றர் வழுக்கவும் வேண்டும்.

உழவு இயந்திரத்தின் பின் இணைப்பில் வரும் துளையுள்ள குண்டு மூட்டு இந்த வேலையைச் செய்யும், ஆனால் என் மாதிரிக்கு அது மிகப் பெரிது. பாலைத் துண்டில் மிஞ்சியதிலிருந்து 26 மில்லிமீற்றர் உருண்டை ஒன்றைக் கடைந்து, நடுவில் 10.2 துளையிட்டேன். தட்டை இரண்டு ஒட்டுப்பலகைகளாகச் செய்து, ஒவ்வொன்றிலும் அரைக்குழி அமைத்து, உருண்டையை நடுவில் வைத்து நான்கு திருகாணிகளால் மூடினேன். குழியைச் சரியான உருண்டையாகக் குடைய என்னிடம் கருவி இல்லாததால், அதே அளவில் இன்னொரு உருண்டையைச் செய்து, அதன்மேல் மண்ணரத்தாளை ஒட்டி, அதையே குழிக்குள் வைத்துச் சுழற்றித் தேய்த்தேன். திருகாணிகளை மிக இறுக்கினால் உருண்டை நின்றுவிடும், தளர்த்தினால் தடதடவென்று ஆடும். ஒவ்வொரு திருகாணியையும் கால் திருப்பாகத் திருப்பி, இரண்டுக்கும் நடுவான நிலையைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் சென்றது.

காற்றை இழுத்தல், அழுத்தல், எரிதல், புகையைத் தள்ளல் என்ற நான்கு வீச்சு இயந்திரத்தில் பிரதான கிராங்க் இரண்டு முறை சுற்றினால் ஸ்லீவின் கிராங்க் ஒரு முறை சுற்ற வேண்டும். லேத்தில் மரை வெட்டுவதற்கென்று இருக்கும் மாற்றுப் பற்சக்கரங்களில் 30 பற்களும் 60 பற்களும் உள்ள இரண்டைக் கழற்றிப் பூட்டினேன். சுற்றிப் பார்த்தபோது எல்லாம் ஓடியது. ஆனால் நேரடியாகப் பிணைந்த இரண்டு பற்சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன என்ற, சிறுபிள்ளையும் அறிந்த விடயம் வரைபடத்தில் விடுபட்டுப் போயிருந்தது. அதன் விளைவு பின்னால் வந்தது.

இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த நாள் அடுத்த நாள். ஸ்லீவின் துளைகளை எங்கே வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. மருமகள் ஒரு வழி சொன்னாள்: ஸ்லீவின்மேல் வெள்ளைக் கடதாசியைச் சுற்றி ஒட்டிவிட்டு, சிலிண்டரில் பென்சில் முனை மட்டும் நுழையும் ஒரு துளையைப் போட்டு, பென்சிலை அதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிராங்கைச் சுற்றினால், ஸ்லீவ் தன் பாதையைத் தானே வரைந்து தரும். அப்படியே செய்தோம். நான் சுற்ற, அவள் பிடித்தாள். பென்சில் கடதாசியில் உரசும் மெல்லிய சத்தம் ஒரு முழுச் சுற்றிலும் ஒரே சீராக, எங்கும் அறாமல் கேட்டது. ஸ்லீவைக் கழற்றியெடுத்தபோது கடதாசியில் ஒரு நீள்வட்டம் கிடந்தது. தொடங்கிய இடமும் முடிந்த இடமும் ஒரே கோட்டில் சேர்ந்திருந்தன. உயரம் 32, அகலம் 25. தட்டின் ஆரம் 16 என்பதால் உயரம் 32 வருவது எனக்கு விளங்கியது. அகலம் ஏன் குறைகிறது என்பதை அவள் முக்கோணம் வரைந்து காட்டினாள்: தண்டின் முனை 65 மில்லிமீற்றர் தொலைவில் நகர்கிறது, ஸ்லீவின் மேற்பரப்போ மையத்திலிருந்து 52இல்தான் இருக்கிறது, ஆகவே அங்கே நகர்வும் அந்த விகிதத்தில் சுருங்குகிறது. எத்தனையோ படங்களைப் பார்த்தும் மனத்தில் ஏறாத அசைவு, அந்த ஒரு கடதாசியில் ஏறிவிட்டது.

அந்த நீள்வட்டத்தில்தான் நான்கு வீச்சுகளும் அடங்கியிருக்கின்றன. எரிதல் நடக்கும் நேரத்தில் ஸ்லீவ் உச்சியில் இருக்கிறது. அதன் துளைகள் சிலிண்டர்த் தலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள ஒடுக்கத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன. அந்தத் தலை, கவிழ்த்து வைத்த பிஸ்டனைப் போல வளையங்களோடு ஸ்லீவுக்குள் மேலிருந்து இறங்கி நிற்பது. வளையங்கள் நெருப்பைத் துளைகளுக்குச் செல்லவிடாமல் தடுக்கின்றன. பிறகு ஸ்லீவ் ஒரு பக்கமாக இறங்கி வருகிறது, புகைத் துளைகள் திறக்கின்றன. அடியில் மறுபக்கத்துக்குத் திரும்புகிறது, புகை மூடிக் காற்று திறக்கிறது. மறுபக்கமாக ஏறிப் போகிறது, எல்லாம் மூடுகிறது. வழக்கமான வால்வு இயந்திரத்தில் கொதித்துச் சிவந்த புகை வால்வு எரியறைக்குள்ளேயே நிற்கும். எரிபொருள் நேரத்துக்கு முன் வெடிப்பதற்கு அது பெருங்காரணம். பிரித்தானிய இயந்திரப் பொறியியலாளர் ஹரி றிக்கார்டோ போன்றவர்கள் ஸ்லீவை வற்புறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம்: எரியறையில் அப்படிச் சூடேறி நிற்கும் பொருள் எதுவும் இல்லை. இரண்டு வரிசைச் சிலிண்டர்களுக்கும் வால்வுகளை இயக்கும் தள்ளுதண்டுகளையும் ஆட்டுகைகளையும் அடைக்க வேண்டிய சிக்கலும் அதனால் தீர்ந்தது.

இவ்வளவும் விளங்கிய பின்னும் நான் துளையைப் பிழையான இடத்தில் வெட்டினேன். நீள்வட்டத்தின் இடது கோடியிலும் வலது கோடியிலும் சிலிண்டர்த் துளைகளை வைத்தேன், அகலமான இடத்தில்தான் நன்றாகத் திறக்கும் என்ற எண்ணத்தில். பிஸ்டனின் உச்சியிலிருந்து தலையினூடாக மேலே நீட்டியிருந்த சுட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சுற்றியபோது, பிஸ்டன் புகையைத் தள்ளிக்கொண்டு பாதி வழி வருவதற்குள் புகைத் துளை மூடத் தொடங்கிவிட்டது. புகை வீச்சின் நடுப்பகுதியில் ஸ்லீவ் இருப்பது இடது கோடியில் அல்ல. இடது கோடிக்கும் அடிக்கும் நடுவில், சாய்வாகக் கீழே. காற்று வீச்சுக்கும் அப்படியே வலப்பக்கத்தில். ஆகவே சிலிண்டர்த் துளைகள் நீள்வட்டத்தின் மையத்திலிருந்து 11 மில்லிமீற்றர் கீழே, ஒன்றுக்கொன்று 17.6 மில்லிமீற்றர் இடைவெளியில் அமைய வேண்டும். வீணானது சிலிண்டர்க் குழாய் மட்டுமே என்பதால் புதிய துண்டை வெட்டி, 14 மில்லிமீற்றர் அகலமும் 22 உயரமும் உள்ள துளைகளை இட்டேன். அடியில் திரும்பும் வேளையில் புகைத் துளையும் காற்றுத் துளையும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. இயந்திரங்களில் வேண்டுமென்றே வைக்கும் அந்த ஒன்றிப்பு மாதிரியிலும் தானாகவே வந்தது.

ஒரு புகைத் துளையும் ஒரு காற்றுத் துளையும் போதும், விளக்கத்துக்கு அது தாராளம் என்று நான் நிறுத்தப் பார்த்தேன். மருமகள் ஒப்பவில்லை. உண்மையான ஹெர்குலிஸில் சிலிண்டருக்கு ஐந்து துளைகள், மூன்று காற்றுக்கு, இரண்டு புகைக்கு. ஸ்லீவில் நான்கே நான்கு. நான்கு எப்படி ஐந்துக்கு வேலை செய்கிறது என்பதே இதன் அழகு, அதை விட்டுவிட்டுச் செய்வதானால் செய்யாமலே விடலாம் என்றாள். அவள் சொன்னது சரி. ஸ்லீவின் ஒரு துளை இடப்பக்கம் போகும்போது புகைக்கும், வலப்பக்கம் வரும்போது காற்றுக்கும் திறக்கிறது. மற்ற மூன்றில் ஒன்று புகைக்கு மட்டும், இரண்டு காற்றுக்கு மட்டும். அந்த இரட்டை வேலைத் துளையைப் பார்ப்பவரின் கண்ணுக்கு நேரே வைத்து, சிலிண்டரில் புகைத் துளையின் ஓரத்துக்குச் சிவப்பும் காற்றுத் துளையின் ஓரத்துக்கு நீலமும் பூசினோம்.

வண்ணம் பூசிய பின்தான் திசைப் பிழை வெளிப்பட்டது. கிராங்கை வலமாகச் சுற்றினால் பிஸ்டன் புகையைத் தள்ள வேண்டிய நேரத்தில் நீலம் திறந்தது. லேத்திலிருந்து இன்னொரு பற்சக்கரத்தை எடுத்து இடையில் வைத்துத் திசையை மாற்றினேன், சரியாகிவிட்டது. அதற்குள் கிளிநொச்சியிலிருந்து ஒருவர் பம்பு அச்சு ஒன்றுக்கு மரை வெட்டக் கொண்டுவந்து காத்திருந்தார். பற்சக்கரங்கள் மாதிரியில் இருக்க லேத்தில் மரை வெட்ட முடியாது. வாடிக்கையாளரைத் திருப்பியனுப்புவது முறையல்ல. எல்லாவற்றையும் கழற்றி அவருடைய வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு, பழைய சைக்கிள் ஒன்றின் 44 பல்லுச் சக்கரத்தையும் 22 பல்லுப் பின்சக்கரத்தையும் சங்கிலியால் இணைத்தேன். பின்சக்கரம் ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் வகை என்பதால் அதன் உட்பகுதியைப் பற்றவைத்துப் பூட்டினேன். சங்கிலி இரண்டு சக்கரங்களையும் ஒரே திசையில் சுழற்றுவதால் இடைச்சக்கரம் தேவையில்லாமல் போயிற்று. முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். பெரிய சக்கரம் குண்டு மூட்டை மறைத்தது ஒரு குறை; அதன் கைகளுக்கு இடையிலுள்ள வெளிகளினூடாக மூட்டு தெரியும்படி தட்டுக்கு மஞ்சள் பூசினோம்.

கண்காட்சி இரண்டு நாள். நான் இரண்டாம் நாள் பிற்பகல் மட்டும் போய் நின்றேன். பார்த்தவர்களில் பெரும்பாலானோர் வேகமாகச் சுற்றிவிட்டுப் போனார்கள். மெதுவாகச் சுற்றியவர்களுக்குத்தான் அது பிடிபட்டது. லாண்ட்மாஸ்டர் திருத்தும் ஓர் இளைஞர் அரைமணி நேரம் நின்று, ஒவ்வொரு கால் சுற்றிலும் நிறுத்தி, குனிந்து துளையைப் பார்த்து, "அப்ப வால்வு கிரைண்டிங் எண்ட வேலையே இல்லையே, அண்ணை?" என்று கேட்டார். இல்லை, ஆனால் ஸ்லீவின் வட்டம் கெட்டால் முழுச் சிலிண்டரும் போய்விடும், எண்ணெயும் கூடுதலாகக் குடிக்கும் என்றேன். அம்மாவும் வந்திருந்தார். அவர் சுற்றவில்லை, மருமகள் விளக்கி முடிக்கும்வரை கதிரையில் இருந்து கேட்டுவிட்டு, பிள்ளை தண்ணீர் குடித்தாளா என்று என்னிடம் கேட்டார்.

மாதிரி இப்போது பாடசாலையின் ஆய்வுகூடத்தில் இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கிய இரண்டாம் வாரத்தில், கிராங்க் சுற்றவில்லை என்று மருமகள் அறிவித்தாள். ஸ்லீவைத்தான் சந்தேகித்தேன், அது இலகுவாக ஓடியது. இறுகியது பிஸ்டன். பாலை உருளையைச் சிக்கனம் கருதி 97.2க்குக் குறைத்துப் பிஸ்டனாக்கியிருந்தேன். நீளவாக்கில் நார் ஓடும் மரம் ஈரம் குடிக்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஊதுவதில்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் கூடவும் அதற்குக் குறுக்கே குறையவும் ஊதும். வேர்ணியரில் ஒரு பக்கம் 98.3, மறுபக்கம் 97.6. இத்தனை பாடுபட்டு ஸ்லீவை வட்டமாக்கியவன் அதனுள்ளே ஓடுவதை வட்டமாக வைத்திருக்கத் தவறிவிட்டேன். கடைந்து குறைத்தால் கோடையில் சுருங்கி ஆடும். ஆகவே 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் ஏழு வட்டங்களை வெட்டி, நார்த் திசை மாறி மாறி வரும்படி அடுக்கி ஒட்டியிருக்கிறேன்; கடைந்து 97ஆக்கி, மேலே இரண்டு பூச்சு வார்னிஷும் கொடுத்தாயிற்று. மூன்றாவது பூச்சுக்கு வெயில் வேண்டும். இன்று காலையிலிருந்து மழை விடவில்லை, பிஸ்டன் பட்டறைக் கூரைச் சலாகையில் கயிற்றில் தொங்குகிறது.